ஐயாற்றுக்கு இறங்கும் படிகள்

கொல்லிமலைக்கு ஒருநாள் சுற்றுலா நடத்துகிற வேன்காரர்களிடம் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டால், எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையைத்தான் சொல்வார்கள். ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், மாசிலா அருவி, நம்ம அருவி, எட்டுக்கை அம்மன் கோயில், வாசலூர்பட்டி படகுத்துறை, தாவரவியல் பூங்கா, சீக்குப்பாறை காட்சிமுனை. காலையில் நாமக்கல்லில் ஏறி ராத்திரி அங்கேயே இறங்குவதற்குள் அத்தனையையும் பார்த்துவிட வேண்டும். அப்படிப் பார்க்கிறவர்கள் பகலின் பெரும்பகுதியை வேன் இருக்கையில்தான் கழிக்கிறார்கள். மலைக்கு வந்தும் மலையில் நடக்காமல் திரும்புவது பெரிய இழப்பு. ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்றால், அதில் பாதியை அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஏறும் நடைக்குக் கொடுத்துவிட வேண்டும். கூடவே மலைக்காரர் ஒருவர் வழிகாட்டியாக வர வேண்டும். மிச்ச நேரத்துக்கு ஒரு சந்தையும் ஒரு சாமைக்காடும் போதும்.

எங்கிருந்து புறப்பட்டாலும் விடிவதற்குள் புறப்படுவது நல்லது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி. அதுதான் அடிவாரம். அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் உண்டு. முதல் இருபது வளைவுகளைப் பிள்ளைகள் கூச்சலோடு எண்ணுவார்கள்; நாற்பதைத் தாண்டும்போது வண்டிக்குள் சத்தம் அடங்கிவிடும். தலைசுற்றல் வருகிறவர்கள் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்து எதிரே தெரியும் சாலையைப் பார்த்தபடி வருவது உதவும். ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக ஏறும் இன்னொரு சாலையும் இருக்கிறது. அதில் வளைவுகள் குறைவு. ஆனாலும் முதல்முறை வருகிறவர்கள் காரவள்ளி வழியில் ஏறுவதே நல்லது. உயரம் கூடக்கூட மலை மாறுவதை அங்கேதான் கண்ணால் பார்க்கலாம். அடிவாரத்தில் முள்ளும் புதரும். நடுவே வேனிலில் இலை உதிர்க்கும் காடு. மேலே போகப்போகக் காற்றில் ஈரம் ஏறி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த நிழலில் காப்பிச் செடிகள்.

வளைவுகளில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வண்டியை நிறுத்தி அவற்றுக்கு பிஸ்கட் வீசுகிறவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. சாலைக்கு வரப் பழகிய குரங்கு சக்கரத்தில் அடிபட்டுச் சாகிறது, இல்லையென்றால் பையைப் பறிக்கிறது. தின்பண்டத்தை வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் குரங்குக்குச் செய்யும் நல்லது.

சோளக்காட்டைத் தாண்டியதும் ஏற்றம் முடிந்து மேட்டுநிலம் விரிகிறது. கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரம். உச்சி கூம்பாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக அகன்று கிடப்பதால் ஊர்களும் வயல்களும் அங்கே நிறைந்திருக்கின்றன. பள்ளங்களில் படிப்படியாக வெட்டிய நெல்வயல், சரிவுகளில் குச்சிக்கிழங்கு, வீடுகளைச் சுற்றி பலாவும் வாழையும். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 ஊராட்சிகள். ஏறத்தாழ 40,000 பேர் வாழும் மலை இது. அவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். பேசுவது தமிழ், கேரளத்தோடு உறவு எதுவும் இல்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

மலைப்பூங்கா என்றதும் உலகம் முழுக்கப் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவின் யோசெமிட்டி. 1890இல் அது தேசியப் பூங்கா ஆனது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து விடிகாலையில் பேருந்தில் போய், வழிகாட்டியோடு சில மணி நேரம் நடந்து, ராத்திரி திரும்பும் ஒருநாள் பயணத்துக்கு அங்கே இன்றைக்கும் நல்ல கூட்டம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் காலங்காலமாக வாழ்ந்த அவானீச்சி மக்கள் படிப்படியாக வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய கடைசிக் குடியிருப்பும் 1969இல் அகற்றப்பட்டது. கொல்லிமலையில் அந்த மண்ணின் மக்கள் அந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். நமக்கு வழிகாட்டுகிறவர் தன் சொந்த ஊர் வழியாக, தன் குலசாமி கோயிலைத் தாண்டி, தன் பங்காளியின் வயல் வரப்பில் நம்மைக் கூட்டிப்போகிறார். இந்த மலைக்கு வருகிறவர்கள் மனதில் முதலில் பதிய வேண்டியது இதுதான். நாம் விருந்தாளிகள். சத்தமாகப் பாட்டுப் போடுவதும் வயலில் இறங்கிப் படம் எடுப்பதும் பிறர் வீட்டு முற்றத்தில் செய்கிற காரியங்கள்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை இது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒவ்வொன்றாகத் துளைத்துப் போன கதையைப் புறநானூற்றில் பாடியவர் வன்பரணர். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததும் சங்கப் பாடல்களிலேயே வருகிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாட்களில் இங்கே அரசு விழா நடக்கிறது. அந்த இரண்டு நாளும் மலை நிறைந்துவிடும். நடக்க நினைப்பவர்கள் வேறு நாளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வழிகாட்டி. ஆகாய கங்கைக்குப் படிகள் கட்டியிருக்கும்போது வழிகாட்டி எதற்கு என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் எழும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் காற்றோடு வரும் தீ எந்தப் பக்கம் பாயும், எந்தப் பாறைக்கு ஓடினால் உயிர் பிழைக்கும் என்பது அந்தக் காட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழகத்தில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பிப்ரவரிக்குப் பிறகு தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் பழங்குடி இளைஞர்கள் அதில் வழிகாட்டிகளாக வருகிறார்கள். நேபாளம் 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு மலையேறிகள் வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போகக் கூடாது என்று விதித்தது. பெருவில் மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்காப் பாதையில் சுமைதூக்கிகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் இடம். அதுவும் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டும். மலைகள் எல்லா நாட்டிலும் ஒரே பாடத்தைத்தான் கற்றிருக்கின்றன.

பாதுகாப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வழிகாட்டி இல்லாவிட்டால் பாதி மலை கண்ணில் படவே படாது என்பது. எந்தக் கொடியைக் கிள்ளி முகர்ந்தால் என்ன வாசம் வரும், எந்த மரத்தடியை சாமிக்கு விட்டிருக்கிறார்கள், எங்கே கரடி மண்ணைத் தோண்டியிருக்கிறது, இந்த மேகம் இங்கே பெய்யுமா அடுத்த நாட்டில் பெய்யுமா என்பதெல்லாம் பலகையில் எழுதி வைக்கிற விஷயங்கள் இல்லை. கோயிலருகே விசாரித்தால் கூட வர ஆள் கிடைக்கும். கூலியை முதலிலேயே பேசி, பேசியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது மரியாதை.

அறப்பளீஸ்வரர் கோயில் வளப்பூர் நாட்டில் இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் தங்கள் பதிகங்களில் பெயர் சொல்லிப் போற்றிய வைப்புத் தலம். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள பழங்கோயில். பக்கத்தில் ஓடுவது ஐயாறு. அதன் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. யாரோ ஒருவர் ஒரு மீனைப் பிடித்து அறுத்துச் சட்டியில் போட, துண்டுகள் ஒன்றுசேர்ந்து மீண்டும் ஆற்றில் குதித்தன என்பது தலக்கதை. மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டுத்தான் பலரும் படி இறங்கத் தொடங்குகிறார்கள். ஆற்றைக் கும்பிட்டுவிட்டு அதன் அருவிக்குப் போவது நல்ல வழக்கம்.

படிகள் ஆயிரத்துக்கும் மேல். முதல் நூறு படி ஏமாற்றும். அகலமான, நிதானமான, நிழலுள்ள படிகள். கூட்டம் பேசிக்கொண்டே இறங்கும். அப்புறம் மலை செங்குத்தாகிறது. படிகளும் அதற்கேற்ப உயரமாகின்றன. ஒன்று அரையடி, அடுத்தது முக்காலடி, அதற்கடுத்தது சாய்ந்திருக்கும். ஒரே தாளத்தில் இறங்க முடியாது. முழங்கால் முதலில் புகார் சொல்லும், அடுத்தது கெண்டைக்கால். “நேரா இறங்காதீங்கண்ணே, காலைப் பக்கவாட்டா வைங்க” என்பார் வழிகாட்டி. பாதத்தைக் குறுக்காக வைத்து, கைப்பிடிக் கம்பியில் பாரத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று இறங்கினால் முழங்கால் தாங்கும். மழை பெய்த மறுநாள் படியோரத்தில் பாசி பிடித்திருக்கும். நடுப்படியில் மட்டும்தான் கால் வைக்க வேண்டும். ரப்பர் செருப்போடு வருகிறவர்கள் வழுக்கி உட்காருவதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். அடி நன்றாகப் பிடிக்கிற பழைய ஷூ ஒன்று போதும்.

பாதி தூரத்தில் ஓசை மாறுகிறது. அதுவரை இலை அசைவும் சின்னான்களின் குரலும் மனிதப் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், அடியிலிருந்து ஒரு இரைச்சல் ஏறிவந்து கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். காற்று குளிர்கிறது. பாறையில் ஒட்டிய பெரணிகளின் நுனியில் நீர் சொட்டுகிறது. அந்த இரைச்சல் காதுக்கு எட்டிய பிறகு யாரும் திரும்பிப் போகலாம் என்று சொல்வதில்லை.

கடைசித் திருப்பத்தில் அருவி முழுசாகத் தெரியும். மூன்று பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நிற்க, நூறு அடிக்கும் மேலிருந்து ஐயாறு ஒரே வீச்சில் விழுகிறது. நல்ல மழைக்குப் பிறகு அருகே போகவே முடியாது. சாரலே ஆளை நனைத்து மூச்சை முட்டவைக்கும். அப்படிப்பட்ட நாட்களில் வனத்துறை குளிக்கத் தடை போடும், சில நாள் படியிலேயே இறங்க விடாது. அந்தத் தடையை மதிக்க வேண்டும். மேலே எங்கோ பெய்யும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். கோடையில் நேர்மாறு: பாறையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை தண்ணீரும் இருக்கும், குளிரும் தாங்கும்படி இருக்கும். குளிக்கிறவர்கள் சோப்பையும் ஷாம்பு பாக்கெட்டையும் மேலேயே விட்டுவிட்டு வர வேண்டும். இந்தத் தண்ணீர்தான் புளியஞ்சோலை வழியாகத் துறையூர்ப் பக்கத்துச் சமவெளிக்கு இறங்கி அங்குள்ள வயலுக்கும் கிணற்றுக்கும் போகிறது.

அருவிக்கு அருகே காட்டுக்குள் கோரக்கர், காலாங்கிநாதர் பெயர்களில் குகைகள் இருக்கின்றன. சித்தர்கள் மூலிகை தேடி வந்த மலை என்ற நம்பிக்கையில் அங்கே போய் உட்கார்ந்து தியானம் செய்கிறவர்கள் உண்டு. அந்தப் பக்கம் போவதென்றால் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது.

ஏற்றம்தான் நாளின் கடினமான பகுதி. இறங்கும்போது சிரித்தவர்கள் ஏறும்போது பேசுவதில்லை. வழிகாட்டி குழுவிலேயே மெதுவாக நடக்கிறவரை முன்னால் விட்டுத் தான் கடைசியில் வருவார். வேகமானவர்கள் முன்னால் போனால் பின்னால் இருப்பவர்கள் அவர்களை எட்டிப் பிடிக்கப் பார்த்து மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். மெதுவானவர் முன்னால் போனால் எல்லோரும் ஒன்றாக மேலே வந்து சேருவார்கள். இதய நோய், ஆஸ்துமா, முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் கோயிலோடு நின்றுவிடுவதே சரி. வீட்டில் எல்லோரும் இறங்குகிறார்களே என்று பெரியவர்கள் மனம் கேட்காமல் இறங்கிவிட்டு, பாதிப் படியில் தவித்துப்போவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். கீழிருந்து தூக்கிவர வண்டி கிடையாது, ஆள்தான் சுமக்க வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய், போகும்போதே முடிவு செய்த திரும்பும் நேரம் ஆகிய மூன்றும் இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கோயில் வாசலுக்கு வந்துவிடலாம்.

மேலே வந்து மூச்சு ஆறியதும் கடைகளில் முடவாட்டுக்கால் சூப் கொடுக்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்காலைப் போலவே இருக்கும். ரோமத்தைச் சுரண்டித் தோலைச் சீவினால் உள்ளே வெளிர்ப்பச்சைச் சதை. அதைத் தட்டி மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்கவைக்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று மலைக்காரர்கள் தலைமுறைகளாகச் சொல்கிறார்கள். படி ஏறிவந்த உடம்புக்கு அந்தச் சூடும் காரமும் இதமாக இருப்பது நிச்சயம். ஒரு கோப்பை குடிப்பது வேறு. வீட்டுக்கு என்று கிலோ கணக்கில் கிழங்கு வாங்கிப்போவது வேறு. காட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்படும் இந்தக் கிழங்கு கத்தரிக்காயைப் போல நாற்று நட்டு மூன்று மாதத்தில் வருவதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மிஞ்சும் நேரத்தில் சாலையோரமாக வண்டியை நிறுத்தி, வழிகாட்டியோடு வயற்புறம் ஒரு மணி நேரம் நடக்கலாம். கொல்லிமலையின் உண்மையான செல்வம் அங்கேதான் இருக்கிறது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, செந்தினை, பெருந்தினை, கருமுழியன் கேழ்வரகு, சுருட்டைக் கேழ்வரகு. இவையெல்லாம் இந்த மலை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக் காத்துவந்த ரகங்கள். சாலை வந்து லாரி வந்த பிறகு, சரிவுகளைக் குச்சிக்கிழங்கு பிடித்துக்கொண்டது. கீழே சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகள் அதைக் கையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டன. சாமைக்கு அப்படி ஒரு சந்தை இருக்கவில்லை. அதைவிடச் சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. பள்ளிக்கூடம், கூலிவேலை என்று நேரம் சுருங்கியபோது அந்த உலக்கையைத் தூக்க யாருக்கு மனம் வரும்? நியாய விலைக் கடை அரிசி வீட்டுக்கு வந்தபோது சாமைச் சோறு அடுப்பை விட்டு விலகியது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்தபோது இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தது. விதை வங்கி வைத்தார்கள், ஊர்களில் உமி நீக்கும் இயந்திரம் நிறுவினார்கள், மகளிர் குழுக்கள் சாமையையும் தினையையும் மாவாகவும் அரிசியாகவும் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கின. 2023ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரங்களில் சாமைப் பொங்கலும் தினை லட்டும் விலை உயர்ந்த உணவாகியிருந்தன. அந்த விலையில் மலையில் விதைத்தவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதை வாங்குகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

தாங்கிப் பிழைத்த மலை இது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே பாக்சைட் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றுச்சூழல் அனுமதிச் சிக்கலில் 2008இல் அது நின்றது. பாக்சைட் படிந்திருப்பது மேட்டுநிலத்தின் தலையில். அதே தலையில் பெய்யும் மழைதான் ஊற்றாக ஊறி ஐயாற்றுக்கு வருகிறது. அதைச் சீவி எடுத்தால் காலையில் பார்த்த அருவிக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை.

இன்னும் நடக்கத் தெம்பும் இன்னொரு நாளும் உள்ளவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. திருச்சி மாவட்டத்து அடிவாரமான புளியஞ்சோலையிலிருந்து நாட்டாமடு வழியாக ஐயாற்றின் ஓரமாகவே மேலேறி அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வரும் பழைய ஒற்றையடிப் பாதை. சாலை வருவதற்கு முன் சமவெளிக்குப் போக வர மலைக்காரர்களுக்கு இப்படிப்பட்ட பாதைகள்தான் இருந்தன. தலையில் பலாப்பழமும் மிளகு மூட்டையும் இறங்கின, உப்பும் துணியும் ஏறின. ஆடிப்பெருக்குக்குக் கோயிலுக்கு வரும் பக்தர்கள் இன்றும் அதில் ஏறுகிறார்கள். படிவழி நடையைப்போல் அரை நாளில் முடிகிற காரியம் இல்லை. விடியும்போதே அடிவாரத்தில் இருக்க வேண்டும். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, பாதை தெரிந்தவர் கூட வந்தால் மட்டுமே போகலாம். ஆறு பெருகியிருக்கும் நாளில் பாறை தாண்டுவது உயிருக்கு ஆபத்து.

திரும்பும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் வண்டியை நிறுத்தாமல் வரக் கூடாது. பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு, காப்பிக்கொட்டை, தேன் எல்லாம் அங்கே குவிந்திருக்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து நாளைக்குப் பழுக்குமா நாளன்றைக்கா என்று சொல்லும் பாட்டிகளிடம் பேரம் பேசாமல் வாங்கலாம். சாமையும் கேழ்வரகும் மகளிர் குழுப் பொட்டலங்களில் கிடைத்தால், எந்த ஊரில் விளைந்தது, எந்த ரகம் என்று கேட்டு இரண்டு கிலோ எடுத்துக்கொள்ளலாம். பனி இறங்கினால் வளைவுகளில் பத்தடிக்கு மேல் தெரியாது. அதனால் நாலரை மணிக்குள் சந்தையை விட்டுக் கிளம்ப வேண்டும். இறங்கும் வண்டி இரண்டாவது கியரிலேயே வர வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, காரவள்ளிக்கு முன்பே பிடிக்காமல் போகும். ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டு வந்தாலும் ஒரு மணி நேரத்தில் அடிவாரம் வந்துவிடும். சேந்தமங்கலத்தில் டீ குடித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் நாமக்கல்லில் இருக்கலாம்.